வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், அப்பா

என் பிரியமான அப்பா,

நேற்று உங்கள் தலைத்திவசம். ஈப்போவிலிருந்து ரயிலில் வந்து இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் நம்ம மாட்டுவண்டி நின்றது. நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்ந்துபோன அதே வண்டி. சித்தப்பா அனுப்பியிருந்தார். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, எஸ்டேட்டுக்கு நாலு மைலும் நடந்தே போனேன்.

உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸர் உங்களிடம் எத்தனை தடவை சொன்னார்? "கங்காணியாரே, சோத்தைக் குறைங்க. காலையில ஆள் கூப்பிட நடந்து போங்க." நீங்கள் வயிற்றைத் தட்டிச் சிரித்தீர்கள். "நடக்கிறது கூலிக்காரன் வேலை. தொப்பை இல்லாத கங்காணிக்கு எவன்யா பயப்படுவான்?"

மழையில் வண்டி சேற்றில் புதைந்த அன்றுதான் கோயில் மேட்டில் நடந்து ஏறினீர்கள். பாதி மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஈப்போவில் எனக்கு நாற்காலி வேலை. எனக்கும் தொப்பை வந்தது. "இப்பத்தான் கங்காணி மகன் மாதிரி இருக்கே" என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கோ ஆபீஸ் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பயந்துபோய் நாலு நாள் வெறும் கஞ்சித்தண்ணி குடித்தேன். மேஜைமேலேயே மயங்கி விழுந்தேன். எஸ்டேட்டுக்கு வந்து அதே டிரெஸரிடம் போனால், "பட்டினி கிடக்கவா சொன்னேன்? உங்க அப்பா ஒரு கிறுக்கு, நீ ஒரு கிறுக்கு" என்றார்.

இப்போது வேளைக்கு ஒரு சிரட்டை சோறு. அதைவிடக் கூடுதலாகக் கீரையும் காயும், ஒரு துண்டு மீனும். தேத்தண்ணியில் டின் பால் கிடையாது. தினமும் காலையில் ஆற்றோரம் ஒரு மணி நேரம் விறுவிறு நடை. ஆறு மாதத்தில் பெல்ட்டு மூன்று ஓட்டை உள்ளே போயிருக்கிறது. மெதுவாகத்தான். படியேறினால் இப்போது மூச்சு வாங்குவதில்லை.

நேற்று ரப்பர் காட்டுப் பாதையில், மரம் சீவும் முனியம்மாக்கா ரப்பர் பால் வாளியோடு எதிரே வந்தார்.

"என்ன தம்பி, வண்டி அச்சு முறிஞ்சுபோச்சா?"

"இல்லக்கா. உடம்பு குறையணும்னு நடக்கிறேன்."

வாளியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். "நானும் விடியறதுக்கு முந்தியிருந்து நடக்கிறேன். குறைக்கிறதுக்குத்தான் உடம்பைக் காணோம்."

நானும் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. ஒரு குவளைக் கஞ்சியோடு அவரை மரம் மரமாக விரட்டியது யார், அப்பா? வண்டியில் இருந்தபடியே நீங்கள்தானே? உங்களைக் குறைக்கச் சொன்ன டிரெஸர், முனியம்மாக்கா தட்டில் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று எஸ்டேட் தொரையிடம் ஒரு நாளாவது சொன்னாரா?

வீட்டில் சித்தப்பா என் இலையில் மூன்றாம் தடவை சோற்றைக் கொட்ட வந்தார். கையால் மறைத்தேன்.

"அண்ணனுக்குப் படைச்ச சோறுடா. வேணாம்னா அவரு பசியோட போவாரு."

"அப்பா பசியால சாகல, சித்தப்பா."

சித்தப்பா சோற்று வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார். லயத்து வீடுகளில் இருக்கும் கூலி ஆட்கள், நாங்கள் சாப்பிட்ட மிச்சத்துக்காக வழக்கம்போல் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த திவசத்துக்கும் நடந்துதான் வருவேன். முதல் பந்தியில் முனியம்மாக்காவையும் லயத்து ஆட்களையும் உட்காரவைத்து, அவர்கள் போதும் என்னும் வரை என் கையால் பரிமாறுவேன். சித்தப்பா தடுத்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு என் சிரட்டைச் சோற்றை நான் சாப்பிடுகிறேன்.

உங்கள் தொப்பையை வாங்கி, உங்கள் வண்டியை வேண்டாம் என்ற
மூத்த மகன்,
மாணிக்கம்