எங்கள் வண்டிப் பக்கத்தில் நிறுத்தாதே

ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.6.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

காளீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் அவரும் கோதையும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பதைப் பூக்கடை சண்முகத்தாய் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆண்டாள் கோயிலுக்குப் போயிருந்தேன். சண்முகத்தாய் பூவை அளந்துகொண்டே, “என்னக்கா, உங்க வண்டிக்கு மறுபடியும் பூஜை போட்டீகளா?” என்று கேட்டாள். எங்கள் வண்டி வீட்டில் நிற்கிறது என்றேன். “அதே வெள்ளை வண்டிதாம்க்கா. காலைல எலுமிச்சம்பழத்து மேல ஏத்திட்டுப் போனாக. உங்க அக்கா மாதிரி ஒரு அம்மா இறங்கிக் கும்பிட்டாக” என்றாள். அக்கா மாதிரி இருக்க எனக்கு யார் இருக்கிறார்கள், உன்னைத் தவிர?

உன் டிரைவர் சமுத்திரம் எங்கள் தெருவில் குடியிருப்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. சாயங்காலம் அவனைப் பிடித்தேன். தலையைச் சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். உங்கள் பெரிய கறுப்பு வண்டியை மதுரைக்காரர் ஒருவருக்கு விற்றாகிவிட்டதாம். அவன் இப்போது அத்தானுடைய மில் வேனை ஓட்டுகிறானாம். புது வண்டி, நாங்கள் வைத்திருக்கிற அதே செடானாம். பூஜை போட்டுவிட்டு எங்கள் தெரு முனையில் வந்து செத்த நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனீர்களாம். முனை வரைக்கும் வந்தவளுக்கு எங்கள் வீட்டுப் படி ஏற மனம் வரவில்லை.

அதுகூடப் போகட்டும். ஆவணியில் கோதைக்குக் கல்யாணம். நம் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தாலும், மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டு வண்டியாக உன் கறுப்பு வண்டிதான் போகும். பாண்டிதுரை அண்ணன் மகள் ஈஸ்வரிக்குப் போனது. சித்தப்பா பேத்திக்குப் போனது. அது மாலை கட்டி வந்து நின்றால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று பார்ப்பார்கள். கூமாப்பட்டிச் சம்பந்தியம்மா வெள்ளைத்தாயிடம் பூ வைத்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், எங்க அக்கா வண்டி வரும் என்று. என் மகள் முறை வரும்போது பார்த்து விற்றிருக்கிறாய். வேண்டுமென்று செய்தாய் என்று சொல்லவில்லை. செய்தாயா என்று கேட்கிறேன்.

போனில் கேட்டிருப்பேன். ஆனால் போன வருஷம் உன் வண்டியைப் பற்றி ஈஸ்வரிக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது குடும்பக் குரூப்பில் போய் விழுந்து, அத்தான் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார். “இனிமே என்னயப் பத்தி எது சொல்லணும்னாலும் தாள்ல எழுதி எனக்கே அனுப்பு” என்று நீதானே சொன்னாய். அனுப்பிவிட்டேன். சமுத்திரம் கொண்டுவருவான்.

ஆற்றாமையுடன்,
உன் தங்கை காளீஸ்வரி


ராஜபாளையம்,
26.6.2025

அன்புத் தங்கச்சி காளிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. அத்தானுக்குப் படித்துக் காட்டவில்லை, பயப்படாதே.

ஏட்டி, அந்த வண்டியை வைத்துக்கொண்டு நான் பட்டது உனக்குத் தெரியாது. நம் ஊர் வேகத்தடைகளுக்கும் அதற்கும் பிறவிப் பகை. ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும், எனக்கு என் வயிறே உரசுகிற மாதிரி இருக்கும். எதற்கெடுத்தாலும் மதுரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே போனால் சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பார்கள். மாசியில் பிளவக்கல் அணைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி நின்றுவிட்டது. சமுத்திரத்துக்கும் புரியவில்லை, அத்தானுக்கும் புரியவில்லை. தேங்காய் ஏற்றி வந்த ஒரு லோடு ஆட்டோவில் அத்தான் காய் மேல் உட்கார்ந்து வந்தார், தெரியுமா? மகனும் வெளிநாட்டில். இருக்கிற இரண்டு பேருக்கு எதற்கு இந்தத் தேர் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

செடான் நன்றாக இருக்கிறது. சாவியைப் போட்டால் கிளம்புகிறது. எவ்வளவு ஓட்டினாலும் பெட்ரோல் முள் இறங்குவேனா என்கிறது. சின்னதாகக் கோளாறு வந்தாலும் இங்கேயே தென்காசி ரோட்டில் பார்த்துவிடுவார்கள். நீ எத்தனையோ வருஷமாகச் சொன்னதுதான், நான்தான் காதில் வாங்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு அத்தான் மதுரையிலிருந்து பெரிய வண்டி ஒன்றை வாடகைக்குச் சொல்லிவிடுகிறார். கறுப்பு வண்டியே வேண்டும் என்றால் கறுப்பே வரும். இதற்காகவா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது?

இன்னொரு சேதி. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே.

உன் அக்கா,
நாகஜோதி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
30.7.2025

அக்காவுக்கு,

ஆடிப்பூரத் தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. ஊரெல்லாம் சந்தோஷம். எனக்கு அன்று சாப்பிட்ட சோறு இன்னும் செரிக்கவில்லை.

காமராஜ் சித்தப்பா மடவார் வளாகத்தில் தம் வீட்டு வேப்பமரத்தடியில் வண்டியை விடச் சொல்லியிருந்தார். நாங்கள் முதலில் போய் நிறுத்தினோம். பின்னால் வந்து நீ அதே மரத்தடியில், எங்கள் வண்டியை ஒட்டி நிறுத்தினாய். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் நின்றன. சித்தப்பா வெளியே வந்தார், உன் வண்டியைத் தடவிப் பார்த்தார், எல்லாரும் கேட்கச் சொன்னார்: “எம்புட்டு வசதி இருந்தும் எம்புட்டு எளிமை பாருங்க. நாகஜோதிக்கு இந்தத் தலைக்கனமே கெடையாது.” அதைச் சொல்லும்போது அவர் கை எங்கள் வண்டி மேல்தான் ஊன்றியிருந்தது.

நாங்கள் இதை வாங்கிய அன்று இதே சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? “ஒங்களால முடிஞ்சது இதுதான் போல. சரி, மழைக்கு நனையாமப் போகலாம்ல” என்றார். ஒன்பது வருஷமாக நானும் இதே வண்டியில்தான் போய் வருகிறேன். ஒரு நாய்கூட என்னை எளிமை என்று சொல்லவில்லை. நான் ஏறினால் இல்லாமை, நீ ஏறினால் எளிமையா?

சொல்லிவிடுகிறேன் அக்கா. உன் கறுப்பு வண்டி மேல் எனக்குப் பொறாமை. அதன் கதவு சாத்துகிற சத்தம் இருக்கிறதே, தலையணை விழுந்த மாதிரி மெதுவாக ஒரு சத்தம், அதற்கே பொறாமை. எங்கள் வண்டிக் கதவை அதே மாதிரி சத்தம் வரும்படி சாத்துங்கள் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறேன். அவர் மெதுவாகச் சாத்துவார், கதவு மூடாது, போகிற வழியெல்லாம் கீங் கீங் என்று கத்தும். நீ வண்டியை விற்றதைக் கேட்டதும் மில்லில் ஏதோ நொடிப்பு என்று ஒருத்தி சொன்னாள். எனக்கு உள்ளே ஒரு துளி இனித்தது. இனி இரண்டு பேரும் சமம் என்று நினைத்தேன். நொடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரிய வண்டியில் போன பெருமையும் உனக்கு, சின்ன வண்டிக்கு இறங்கிய பெருமையும் உனக்கே. எனக்கு என்று என்னதான் விட்டுவைப்பாய்?

சம்பந்தியம்மா நேற்று போன் பண்ணி, “ஒங்க அக்கா வண்டி வந்துரும்லா?” என்று கேட்டார்கள். சர்வீசுக்குப் போயிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு வா. முன்னின்று நடத்த வேண்டியவள் நீ. ஆனால் மண்டபத்தில் உன் வண்டியை எங்கள் வண்டிப் பக்கத்தில் நிறுத்தாதே.

காளீஸ்வரி


ராஜபாளையம்,
4.8.2025

காளீஸ்வரிக்கு,

சித்தப்பா சொன்னது எனக்கும் கேட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. யாராவது புகழ்ந்தால் நின்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஆனால் நீ பொறாமையைப் பற்றி எழுதியிருக்கிறாய். எழுதத் தெரிந்தவள் நீ மட்டும் இல்லை.

அந்தக் கறுப்பு வண்டியில் நான் எங்கே உட்கார்ந்தேன் என்று பார்த்திருக்கிறாயா? பின் சீட்டில். முன்னால் சமுத்திரத்தின் பின்மண்டை. பக்கத்தில் அத்தான், அவர் காதில் போன். வீட்டிலிருந்து மதுரை போகிறவரை என்னோடு பேசுவது அந்த வண்டி மட்டும்தான், பெல்ட்டைப் போடு என்று. கண்ணாடியை இறக்கினால் ஏசி போய்விடும் என்பார். வழியில் டீ குடிக்கலாமா என்றால், இங்கே விட்டால் யாராவது கோடு போட்டுவிடுவார்கள் என்பார். ஒரு டீ காளி. இத்தனை வருஷத்தில் வழியில் ஒரு டீ குடித்ததில்லை.

ஈஸ்வரி கல்யாணம் வத்திராயிருப்பில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மாலை கட்டுவதற்கு என் வண்டியை மத்தியானமே கொண்டுபோய்விட்டார்கள். அத்தானும் மாப்பிள்ளைக்குத் துணையாக அதிலேயே ஏறிப் போய்விட்டார். வண்டிக்காரிக்கு வண்டியில் இடமில்லை. உன் வண்டியில் பின்னால், மடியில் முறுக்குத் தூக்கை வைத்துக்கொண்டு வந்தேன். கிருஷ்ணன்கோவிலில் உன் வீட்டுக்காரர் நிறுத்தி, ஜன்னல் வழியாக டீயை நீட்டினார். நீ முன் சீட்டில் உட்கார்ந்து, “மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாய். அவரும் “சரிட்டி, சரிட்டி” என்று சொல்லிக்கொண்டு அதே வேகத்தில் போனார். உங்கள் இரண்டு தலைகளையும் பின்னாலிருந்து பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. அதற்குப் பிறகு யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வண்டி கேட்டாலும் முதல் ஆளாகச் சரி என்றேன். எல்லாரும் என்னைத் தாராளம் என்றார்கள். உன் வண்டியில் ஏற எனக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

செடான் வாங்கப் போன கடையில் சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது, சாம்பல் இருந்தது. அத்தான் சாம்பலைத்தான் கேட்டார். வெள்ளைதான் வேண்டும் என்று நின்றவள் நான். உன்னுடையது வெள்ளை.

பூஜை அன்று உன் தெரு முனையில் நிறுத்தச் சொன்னதும் நான்தான். வாசலில் உன் வண்டி நின்றது. அதே வண்டியில் நான் போய் இறங்கினால் உன்னைக் கேலி பண்ண வந்ததாக நினைப்பாய் என்று பயம் வந்துவிட்டது. திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

பக்கத்தில் நிறுத்தாதே என்று எழுதிவிட்டாய். நிறுத்தவில்லை. வாடகை வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை அழைப்புக்கு நேரத்துக்கு வந்துவிடும். அதற்கு நான் வேண்டாம். மறுநாள் காலையில் நானும் அத்தானும் பஸ்ஸில் வந்து, முகூர்த்தம் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறோம்.

கோதைக்கு என் ஆசீர்வாதம்.

நாகஜோதி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14.8.2025

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவர் பார்க்கக் கூடாது என்று அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அவர்தான் அரிசி எடுக்கப் போனார். முழுவதும் படித்துவிட்டு, “நான் அம்புட்டு வேகமாவா ஓட்டுதேன்?” என்று மட்டும் கேட்டார்.

வாடகை வண்டி வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிடு. சம்பந்தியம்மாவிடம் நானே கூமாப்பட்டிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், அக்கா வண்டியை விற்றாகிவிட்டது, எங்கள் வண்டிதான் வரும் என்று. அவர்கள் முகம் கொஞ்சம் சுண்டியது. “மாப்பிள்ளை உக்காந்து வந்தாச் சரிதான்” என்றார்கள். சுண்டினால் சுண்டட்டும். என் மகளைக் கட்டுகிறவர் என் வண்டியில் வரட்டும். சண்முகத்தாயிடம் மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் ஓட்டுவார். மாப்பிள்ளையும் தோழனும் பின்னால், முன்னால் நம் பாண்டிதுரை அண்ணன்.

இப்போது எனக்குத்தான் போக வண்டி இல்லை. மாலை கட்டிய வண்டியில் வண்டிக்காரிக்கு இடமில்லை என்பது உனக்குத் தெரியும்.

உனக்கு லைசென்ஸ் வந்துவிட்டதாமே. அதையும் சமுத்திரம் சொல்லித்தான் தெரிந்தது. ஒன்பது வருஷம் அந்த முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன், பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்போம் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது. இதற்கும் எனக்குப் பொறாமைதான், இருக்கட்டும்.

நீ பஸ்ஸில் வரக் கூடாது. முதல் நாள் மத்தியானமே உன் வண்டியில் வா, நீயே ஓட்டிக்கொண்டு வா. வாசல் வரைக்கும் வா, முனையில் நின்றுவிடாதே. மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னாலேயே உன் வண்டி வர வேண்டும், அதில் நான் உன் பக்கத்தில் உட்கார வேண்டும். மெதுவாப் போ, மெதுவாப் போ என்று சொல்லிக்கொண்டே வருவேன். நீ கேட்க வேண்டாம். ஊர்வலம் கிளம்புவதற்கு முன் கிருஷ்ணன்கோவில் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். கல்யாண வீட்டை விட்டுவிட்டு எங்கே போனாளுக என்று தேடட்டும்.

மண்டபத்தில் எங்கள் வண்டிப் பக்கத்தில் ஓர் இடத்தைக் கயிறு கட்டிப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். காமராஜ் சித்தப்பா வந்து எந்த வண்டியைத் தடவுகிறார் என்று பார்ப்போம்.

அத்தானிடம் சொல், முறுக்குத் தூக்கு அவர் மடியில். அவர் பின் சீட்டில்.

உன் தங்கை,
காளி