காலையிலேயே ஆரம்பித்த வலி

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் யாரோ ஓமத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். அந்த வாடை வந்ததும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் உட்காரும் இடத்தில் வேறு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் சோழவந்தான் தாண்டியதும் நீங்கள் ஓமத் தண்ணீர்தான் குடித்தீர்கள். நெஞ்சு வலி இடது தோள்வரை இழுக்கிறது என்றீர்கள். முகமெல்லாம் வேர்வை. "நர்ஸ்கிட்ட காட்டுவோமாக்கா?" என்று கேட்டேன்.

"கிறுக்கச்சி, வெறும் வாய்வுடி. அவ கம்பெனி ஆளு. நோட்டுல எழுதுனான்னா நாளைக்கே என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாய்ங்க. வாயத் தொறந்துராத."

தலையாட்டினேன். பத்தாவதோடு நின்று வேலைக்கு வந்த எனக்கு, கப்பலூர் கம்பெனியில் நீங்கள் சொன்னதுதான் சட்டம்.

பதினோரு மணிக்கு, ரப்பர் வாஷரில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது, பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டீர்கள். மருந்தறைக்குத் தூக்கிப்போனோம். நர்ஸ் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். "வலி எப்பம்மா ஆரம்பிச்சது?"

"இப்பத்தான் சிஸ்டர்" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவர் செய்த எதையும் நான் நம்பவில்லை. மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னபோது, உங்களை மறுபடி வேலைக்கு அனுப்பத்தான் இந்த அவசரம் என்று நினைத்தேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, மெஷினில் வந்த ஈசிஜி தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். மேனேஜருக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். வலி எப்போது என்று மறுபடியும் கேட்டார். போலீஸ் மாதிரி ஒரே கேள்வி.

அப்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஆஸ்பத்திரி டாக்டர். படம் போனது அவருக்குத்தான்.

"சிஸ்டர், ஹார்ட் அட்டாக்தான். வலி எத்தன மணிக்கு வந்துச்சு? அத வச்சுத்தான் இங்க என்ன செய்யணும்னு முடிவெடுக்க முடியும்."

"காலையில ஆறரைக்கு. பஸ்லயே." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா" என்றார் நர்ஸ், போனை என் பக்கம் நீட்டி.

சொன்னேன். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். கோபமா அக்கா?

நர்ஸ் யாரையும் திட்டவில்லை. ஆம்புலன்ஸ் வந்ததும் செருப்பைக்கூடத் தேடாமல் உங்களோடு ஏறினார். திருப்பரங்குன்றம் வரும்போது உங்கள் துடிப்பு நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரி வரைக்கும் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனாராம். சாயங்காலம் அவர் மட்டும் திரும்பி வந்தார்.

"நான் முன்னாடியே சொல்லியிருந்தா, சிஸ்டர்?"

"அது யாருக்கும் தெரியாதும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்காகச் சொன்ன பொய்யோ என்று இன்னும் சந்தேகம். நீங்கள் பயந்த அந்த நர்ஸ் நோட்டு யார் கைக்குப் போகிறது என்பதும் இதுவரை தெரியவில்லை.

ஆனால் வாய்வு என்று யார் சொன்னாலும் இப்போது நான் நம்புவதில்லை. போன வாரம் கேன்டீனில் சமைக்கிற அக்கா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "ஊமைக்கோட்டான் டாக்டராயிட்டாடோய்!" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. கையைப் பிடித்து மருந்தறைக்கு இழுத்துப்போய், அவர் மழுப்புவதற்குள் நேரத்தை நானே சொன்னேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. காரப் பணியாரம் செய்த வேலை.

"அடுப்புல கொழம்பு கருகிருச்சேடி, சந்தேகக்காரி!" என்று அன்றைக்கு முழுக்க என்னைத் திட்டினார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியும் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு நடந்தார்.

அவர் நடந்து போவதைத் தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா.