பொட்டு வைத்த துப்பாக்கி

என் வயிற்றில் முதலில் வந்து தங்கியவனே, முத்து,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் ஆச்சி வேலம்மாள், பூசைப் பலகைக்கு வலது பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உன் அப்பா பலகைக்கு முன்னால். என் தம்பி காசி, உன் மாமா, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று வாசற்படியில். உன் தம்பி செல்வம், ஆறு வயது, கை நிறையப் பொரி. நான் அடுப்படி நிலையில், தோசைக்கரண்டியோடு. அப்புறம் நீ. பத்தொன்பது வயது, தலையில் குளித்த ஈரம். ஆறே பேர். வடக்கு வீட்டு சண்முகத்தாய் தானும் கண்ணால் பார்த்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் வந்தது சத்தம் கேட்ட பிறகு. அதையும் நான் மறக்கவில்லை.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். முன்பெல்லாம் நான் எழுதும் காகிதத்தை வாங்கிப் பிழை திருத்தித் தருவாய். இப்போது செல்வத்தின் பெண்டாட்டி தேவி போனில் தட்டித் தருகிறாள். நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். பொய்யை ஊர் கேட்டது. உண்மையையும் ஊர்தானே கேட்க வேண்டும்?

நாங்கள் ஷார்ஜாவில் இருக்கிறோம், முவைலாவில். மூன்றாவது மாடி. செல்வம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். தலை நரைத்துவிட்டது. உன் இடுப்பில் தொங்கிக்கொண்டு திரிந்தவன் இன்றைக்கு உனக்கு அப்பா வயதில் இருக்கிறான். அவன் பின்கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம், நீ இருந்திருந்தால் உனக்கும் இப்படித்தான் நரை விழுந்திருக்குமா, வேறு மாதிரியா என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. யார் வீட்டுச் சுவரிலும் துப்பாக்கி தொங்குவதில்லை. ஆனால் நோன்பு மாசம் வந்தால் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பீரங்கி வெடிப்பார்கள். சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். ஒரு வருஷம் செல்வம் என்னையும் கூட்டிப்போனான். வெடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு மூக்கில் நம் வீட்டுச் சாம்பிராணி வாசனை அடித்தது. கூட்டத்துக்குள் உன்னைத் தேடினேன். குனிந்த முதுகு எங்கே, குனிந்த முதுகு எங்கே என்று. அதற்குப் பிறகு அந்த மாசம் முழுக்க, அந்த நேரத்துக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன். ஏன் என்று செல்வம் இதுவரை கேட்டதில்லை. அவனுக்குத் தெரியும்.

செல்வத்தின் மகன் கார்த்திக் கனடாவில் இருக்கிறான். இருபத்திநாலு வயது, உன்னைவிடப் பெரியவன். கோதுமை விளைகிற பக்கம், டிராக்டர் பழுது பார்க்கிற இடத்தில் வேலை. இஞ்சின் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவானாம். நீ பம்புசெட்டு மேல் காது வைத்துச் சொல்வாயே, அது மாதிரி. போன மாசம் பத்து நாள் லீவில் இங்கே வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் போனை என் முன்னால் நீட்டினான். இரண்டு துப்பாக்கி. அங்கேயும் காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறதாம். முதலாளியோடு வேட்டைக்குப் போக இவனும் ஒன்று வாங்கப்போகிறானாம். படித்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் அட்டையும் வாங்கிவிட்டான்.

"எது வாங்கலாம், நீங்க சொல்லுங்க ஆச்சி."

"நல்ல ஆளுகிட்ட கேக்க. நேத்து கத்தரிக்கா வாங்க அரை மணி நேரம் யோசிச்சவ ஒங்க ஆச்சி" என்று சிரித்தான் செல்வம்.

கார்த்திக் விடாமல் விளக்கினான். கனடாவில் துப்பாக்கியை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். லைசென்ஸ் இருந்தால் வேட்டைக்கு வைத்துக்கொள்ளக்கூடியது ஒன்று. தனியாகப் பதிவு செய்து, சுட்டுப் பழகுகிற இடத்துக்கு மட்டும் கொண்டுபோகக்கூடியது ஒன்று. சாதாரண ஆள் வாங்கவே முடியாதது ஒன்று. குழல் ஒரு அளவுக்குக் குறைந்தால் வகை மாறிவிடும். சில மாதிரித் துப்பாக்கியில் ஐந்து தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. பட்டியலும் மாறிக்கொண்டே இருக்குமாம். அவன் சிநேகிதன் ஆசையாய் வாங்கினது இப்போது தடையில் போய்விட்டதாம், எடுத்துச் சுடவும் முடியாது, விற்கவும் முடியாது. தேர்தல் வந்தால் உன் அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி, ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பாரே, அது ஞாபகம் வந்தது. அது ஸ்டேஷனில் கிடந்த நாட்களில்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

"இந்த ரெண்டுமே முதல் வகைதான் ஆச்சி. இது ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துத் தோட்டா ஏத்தணும். இது செமி ஆட்டோமேட்டிக். ஒண்ணு சுட்டா அடுத்தது தானா ஏறிக்கும். எனக்கு இதான் பிடிச்சிருக்கு."

தானாக ஏறிக்கொள்ளுமாம். உன் அப்பாவின் ஒற்றைக்குழலில் தோட்டாவைப் போட்டுவிட்டு ஒரு மனுஷன் மறக்க வேண்டும். இதற்கு மனுஷன் மறக்கக்கூட வேண்டாம்.

தேவி சோற்றை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள். "எதையோ வாங்கு. வாங்குன அன்னைக்கே ஒரு பொட்டு வச்சி, பூவப் போட்டு போட்டோ அனுப்பிரு. ஆயுத பூசைக்கி ஒங்கப்பா கார் சாவி பக்கத்துல அந்தப் போட்டோவயும் வச்சி சூடம் காட்டிருதேன்."

"ஏட்டி, சும்மா இரு" என்றான் செல்வம். அவன் கை தட்டில் நின்றுவிட்டது. "நம்ம குடும்பத்துக்குத் துப்பாக்கி ராசி கெடையாது."

"டாடி, அது பெரியப்பா துப்பாக்கிய எடுத்து விளையாடினார். நான் விளையாட மாட்டேன். நான் ட்ரெய்னிங் எடுத்தவன்."

அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. அவன் பிறந்த நாளிலிருந்து அவனுக்குச் சொல்லி வைத்தது அதுதான். ஆனால் உன்னைத் தெரியாத ஒரு வாய், சோறு மென்றுகொண்டே, நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அதைச் சொன்னபோது, நீ மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருந்தது. தலையில் ஈரத்தோடு. என்னையே பார்த்துக்கொண்டு.

நான் அவனிடம் கேட்டேன். "தோட்டா வைக்கிற பெட்டிய கழத்திட்டா, உள்ள ஒண்ணும் இருக்காதுல்ல?"

"இல்ல ஆச்சி. அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. மேகசின கழட்டினாலும் குழலுக்குள்ள ஒண்ணு நிக்கலாம். முதல் பாடமே அதான். எந்தத் துப்பாக்கிய பாத்தாலும் தோட்டா இருக்குன்னுதான் நினைக்கணும். திறந்து கண்ணால பாக்கணும்."

"யாரு குடுத்தாலுமா?"

"யாரு குடுத்தாலும்."

"பொட்டு வச்சிருந்தாலுமா?"

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"ஒங்க பெரியப்பன் வெளயாடலடா."

"யம்மா" என்றான் செல்வம். "கலாஸ். முடிஞ்சி போனது. திங்கிற எடத்துல வேண்டாம்."

"ஒனக்கு முடிஞ்சிருக்கும்ல. அவனுக்கு முடியல."

சொல்லிவிட்டேன் முத்து. ஆயுத பூசைக்கு முந்தின ராத்திரி உன் அப்பா பன்றிக் காவலுக்குப் போனது. பன்றி வராததால் போட்ட தோட்டா போட்டபடியே வீடு வந்து படுத்தது. காலையில் உன் ஆச்சி மண்வெட்டி, அரிவாள், உன் ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் துடைத்துப் பலகையில் அடுக்கியது. துப்பாக்கிக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, குழலோடு சேர்த்துப் பூச்சரம் சுற்றியது. நீ வந்து பார்த்துவிட்டு என்னிடம்தான் கேட்டாய்.

"எம்மா, அப்பா ராத்திரி காவலுக்குப் போனாருல்லா. தொறந்து பாத்துரட்டா?"

"பொட்டு வச்சாச்சு. நாளைக்கி எடுக்குத வரைக்கும் தொடாதல."

ஆயுதத்தைப் பூசையில் வைத்துவிட்டால் மறுநாள் எடுக்கும் வரை தொடக் கூடாது. நம் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நீ கையை இழுத்துக்கொண்டாய். அந்தக் கை இழுத்ததை நான் தினமும் பார்க்கிறேன்.

மறுநாள் காலை உன் அப்பா துப்பாக்கியைத் தூக்கிச் சரத்தைப் பிடித்து இழுத்தார். சரத்தின் நார் துப்பாக்கி விசையில் மாட்டியிருந்தது. நீ உன் ஸ்பேனரை எடுக்கக் குனிந்தாய்.

அவ்வளவுதான் உனக்குத் தெரியும். மீதி உனக்குத் தெரியாது, கேள்.

உன்னைத் திண்டுக்கட்டையில் தலை வைத்துக் கிடத்தியிருந்தோம். கூட்டம் சேர்ந்துவிட்டது. காசி உன் அப்பாவைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். தண்ணீர் மோக்கப் போன என் காதில் அவன் பேச்சு விழுந்தது. "அத்தான், ஒங்க கையில வெடிச்சதுன்னா கேஸு ஒங்க மேல. செத்தவன் மேல என்ன கேஸு வரப்போவுது?" என்றான். ஏட்டு வந்து கேட்டபோது உன் அப்பா சொன்னார். "பய எடுத்து வெளயாண்டான் சார். சொன்னா கேக்க மாட்டான்."

நீ சொன்னால் கேட்காதவனா? சொன்னதைக் கேட்டதனால்தானே செத்தாய்?

அந்தக் காகிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். ரேகை வைக்காதம்மா, எழுதிப் பழகு என்று நீ சொல்லிக்கொடுத்த கையெழுத்து.

நான் சொல்லி முடித்ததும் செல்வம் எழுந்து பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கொதிக்கிற வெயிலில் நின்றான். கார்த்திக் போனைக் கவிழ்த்து வைத்தான். பிறகு கேட்டான்.

"அப்போ பெரியப்பாதான் சரியா கேட்டிருக்காரு, இல்ல ஆச்சி? திறந்து பாக்கட்டான்னு."

"ஆமா."

"எந்த ட்ரெய்னிங்கும் இல்லாமலா?"

"ஆமாடா."

இதைக் கேட்கத்தான் நான் இவ்வளவு காலம் உயிரோடு இருந்தேனோ என்னவோ. பால்கனிக் கதவைத் திறந்து செல்வம் உள்ளே வந்தபோது அவன் சட்டை நனைந்திருந்தது. "எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்றான். "அண்ணன் கையில துப்பாக்கி இல்ல. ஸ்பேனர்தான் இருந்திச்சி. ஏட்டு என்கிட்ட கேக்கவே இல்ல." ஆறு வயசிலிருந்து இதை எங்கே வைத்திருந்தான்? என்னைப் போல அவனும் ஏதாவது குழாயைத் திறந்துவிட்டு நின்றிருப்பானோ?

கார்த்திக் போய்விட்டான். இன்னும் எதையும் வாங்கவில்லை. வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பன்றி இருக்கிற இடத்தில் துப்பாக்கியும் இருக்கும். தானாக ஏறுகிறது வேண்டாம், கையால் இழுக்கிறதை வாங்கு, ஒவ்வொரு தடவையும் உன் கை அறிந்து உள்ளே போகட்டும் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறான்.

பெரிய மனசு எனக்குக் கிடையாது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் கணக்குப் பார்த்தால் நிறையப் பேரை விட்டுவிட்டேன் முத்து. உன் ஆச்சி பக்தியில் செய்தாள், அவளை விட்டுவிட்டேன். காசி இரண்டு வருஷம் கழித்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் வீட்டில் இன்றுவரை கை நனைத்ததில்லை, ஆனாலும் விட்டுவிட்டேன். அந்தப் பொய்யையே தன் மகனுக்கும் சொல்லி வளர்த்த செல்வத்தை அந்த வெள்ளிக்கிழமைதான் விட்டேன். 'தொடாதல' என்று சொன்னவளையும் விட்டுவிட்டேன். அதற்குத்தான் ரொம்ப வருஷம் ஆயிற்று. விடாமல் இருந்திருந்தால் ஒரு வாய் சோறு இறங்கியிருக்காது.

தோட்டாவை எடுக்க மறந்ததைக்கூட உன்னை எடுத்த அன்றே மன்னித்துவிட்டேன். கண் முழித்து வந்த மனுஷன், அசந்துவிட்டார். ஆனால் அந்த வார்த்தை? முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். ஒரு நாள் ஊரைக் கூட்டி, என் மகன் விளையாடவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் தண்ணீர் கேட்டார். "இப்பவாது சொல்லுங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தண்ணீரைக் கொடுத்தேன். வேறொன்றும் கொடுக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கார்த்திக் எந்தத் துப்பாக்கி வாங்கினாலும், வாங்கிய அன்று வீடியோவில் என் கண் முன்னால் திறந்து காட்ட வேண்டும். அவனும் சரி என்றிருக்கிறான். நான் கண்ணை மூட மாட்டேன். குழலுக்குள் ஒன்றும் இல்லை என்று உனக்காக நான் பார்ப்பேன். பார்த்து முடிக்கும் வரை யாரும் அதற்குப் பொட்டு வைக்க விட மாட்டேன்.

நம் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். ஓட்டுச் சாவடியில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வேன். செத்த பிறகும் என் வாயில் அந்தப் பேர் வந்ததில்லை. இன்றைக்கு என் கையாலேயே எழுதுகிறேன், தேவி அதை அப்படியே தட்டட்டும். நான் மன்னிக்காதவர் அய்யாத்துரை.

இப்படிக்கு,
சொன்ன பேச்சுக் கேட்ட சுடலைமுத்துவைப் பெற்றவள்