ஹாண்டிலுக்குக் காட்டிய கற்பூரம்

இன்று மத்தியானம் சோற்றில் கை வைத்ததும் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. சீயக்காய் போட்டு இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை. "இந்த வயசுல இஞ்சினை நீங்களே கழுவணும்னு யாரு அழுதா?" என்று மருமகள் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். நாளை மறுநாள் ஆயுதபூஜை. நீ இருந்திருந்தால் இன்று காலை இந்த வேலைக்கு வந்து நின்றிருப்பாய். நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிவிட்டது. வேலை மட்டும் நாள் தவறாமல் வந்துவிட்டது.

வீட்டில் புதிதாக ஒரு டிரைவர் இருக்கிறான். நல்லவன்தான், ஆனால் அவசரக்காரன். மாம்பலம் போய் வந்த சூட்டோடு பானெட்டைத் திறந்து வைத்து, வாளித் தண்ணீரைத் தோள் உயரத்துக்குத் தூக்கிவிட்டான். "எருமையா குளிப்பாட்டுறே?" என்று கத்தி வாளியைப் பிடுங்கினேன். அது என் வார்த்தை இல்லை, உன்னுடையது. சுட்ட இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வார்ப்பு விரிசல் விடும் என்று அவனுக்கு விளக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே இறங்கினேன்.

நீ முதன்முதலாக என் கயிற்றுக் கடைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சாந்தோம் குப்பத்து வலைக்காரர்களுக்குத் தலைச்சுமையாகக் கயிறு விற்று, மயிலாப்பூரில் கடையும் கிடங்கும் போட்டவன் நான். ஊருக்குக் கப்பல் ஏறிய ஒரு துரையின் பழைய மோட்டாரை ஏலத்தில் எடுத்திருந்தேன். கயிற்றுக்காரனுக்கு மோட்டாரா என்று கடைத்தெருவே சிரித்தது. ஓட்ட ஆள் இல்லாமல் அது கொட்டகையில் நின்றது. நீ காக்கிக் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்தாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது.

"எங்க வேலை பாத்தே?" என்றேன்.

"அடையாறுல ஒரு தொர பங்களா."

"ஏன் வுட்டே?"

"வண்டி எரிஞ்சிபோச்சி."

"இன்னாப்பா, வேலை கேக்க வந்துட்டு இத்தப் போய் சொல்றே?"

"நாளைக்கு வேற எவனாவது சொல்லுவான். அதான் நானே சொல்லிட்டேன். டாங்கியில எவ்ளோ பெட்ரோல் கீதுன்னு தொர தீக்குச்சி கிழிச்சிப் பாத்தாரு மொதலாளி."

"தொரயா?"

"தொரதான். அவருக்குப் புருவம் போச்சி. எனக்கு வேலை போச்சி."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. உன் பீடியால் பற்றிக்கொண்டது என்று அங்கே எழுதி வைத்துவிட்டார்கள். பீடி பிடிக்கும் பழக்கமே உனக்குக் கிடையாது. டிரைவர் வேலைக்குப் போகிறவன் பழைய எசமானிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் கொண்டுபோக வேண்டும். உனக்கு அது இல்லை. எட்டு மாதம் எந்த பங்களாவும் உனக்குக் கேட்டைத் திறக்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், இரக்கப்பட்டு நான் உன்னைச் சேர்க்கவில்லை. கடிதம் இல்லாத ஆள் பேரம் பேசமாட்டான் என்று கணக்குப் போட்டேன். நீயும் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "ஒரு வருசம் பாருங்க. ஒழுங்கா இருந்தேன்னா, ஒங்க கையெழுத்து வெச்சி ஒரு எழுத்து குடுங்க. எம்பேரை நான் திருப்பி எடுக்கணும்." சரி என்றேன்.

அந்த ஒரு வருஷத்தில் நீ இஞ்சின் கழுவுவதை மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்பேன். எனக்கு அது பொழுதுபோக்கு. ரேடியேட்டரில் புறங்கையை வைத்துப் பார்த்து, ஆறியிருந்தால்தான் தொடுவாய். பெட்ரோல் குழாயை மூடுவாய். பேட்டரிக் கம்பியைக் கழற்றித் துணி சுற்றி ஓரமாக வைப்பாய். பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்கு, மழைக்குக் குழந்தையைப் போர்த்துகிற மாதிரி, மெழுகுத்துணி கட்டுவாய். கார்புரேட்டர் காற்று இழுக்கும் வாயில் பழந்துணியை அடைப்பாய். பிறகு மூங்கில் சிம்பால் அழுக்கைச் சுரண்டி, தென்னை நார் பிரஷ்ஷில் மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பாய். ஊற்றமாட்டாய். அடியில் மணல் பரப்பியிருப்பாய். கடைசியில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. அழுக்குத் துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே தனித்தனியாகக் கொடியில் விரித்துவிடுவாய். "ஆறாம தொடாத, காயாம பத்த வெக்காத" என்பாய். அதற்கு மேல் விளக்கமாட்டாய்.

வருஷம் முடிகிற சமயத்தில் ஆயுதபூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் முழுவதும் வண்டி வேண்டும் என்று நீ நாலு நாள் முன்னதாகவே சொல்லியிருந்தாய். நான்தான் கேட்கவில்லை. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்த காலம். மனை பார்க்க வேண்டும் என்று என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஆசைப்பட்டான். உன்னையும் வண்டியையும் அவனோடு அனுப்பினேன். பொழுது சாய்ந்து, இஞ்சின் முழுக்கச் சேறு அப்பித் திரும்பி வந்தாய். "வெளக்கு வெச்சிகினு இத்தத் தொடமாட்டேன்" என்று கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனாய்.

மறுநாள் விடிந்ததும் ஆரம்பித்தாய். ஒன்பதரை மணிக்குப் பூஜை செய்து வைக்கும் வாத்தியார் வந்துவிட்டார். அழுக்குப் பாதிதான் போயிருந்தது. நீ பிரஷ்ஷை அலசக் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, மண்ணெண்ணெய் காய நேரமாகுமே என்று நான் பெட்ரோல் டின்னை எடுத்து இஞ்சின் மேல் சாய்த்தேன். சேறெல்லாம் வழிந்து ஓடி, இரும்பு பளபளவென்று ஆகிவிட்டது. இவ்வளவு சுலபமான வேலைக்கா இவன் விடியற்காலையிலிருந்து கிடக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றாய். மூக்கை உறிஞ்சினாய்.

"யாரு ஊத்தினது?"

"நான்தான். பாரு, காஞ்சே போச்சி."

"மேல காஞ்சிரிச்சி. இஞ்சினுக்கு அடியில தகரத் தட்டு கீது மொதலாளி, அதுல நிக்கிது. ஆவி தரையோட கெடக்கும். மத்தியானம் வரைக்கும் நெருப்பு கிட்ட வரக்கூடாது."

அதற்குள் மச்சான் கற்பூரத் தட்டோடு வந்துவிட்டான். திறந்த பானெட்டுக்கு எதிரே காட்டினால்தான் பூஜை என்பது அவன் எண்ணம். நீ வண்டிக்கு முன்னால் போய் நின்றாய்.

"இன்னா மாமா இது? ஓட்டறவன் சொல்லி சாமி காரியத்தை நிறுத்தறதா? அவன் சாமி வேற, கோயிலு வேற. இதெல்லாம் அவனுக்கு இன்னா தெரியும்?" என்று மச்சான் குதித்தான்.

"கோயிலு வேறதான் நைனா. நெருப்பு ஒண்ணுதானே?" என்றாய் நீ.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். நாழியாறது. ஆனா அவன் சொல்றதும் நியாயமாத்தான் படறது. நான் வாசல்ல நின்னுண்டே மந்திரம் சொல்றேனே!" சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலில் இருந்தார்.

கடை ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வெலகு. இல்லேன்னா இப்பவே வெளியே போ. எழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றேன்.

"தெரியும் மொதலாளி. போறேன். வண்டி காஞ்சதும் போறேன்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். குரலை உயர்த்தவில்லை.

பெட்ரோல் ஆவியைப் பற்றி எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. ஆனால் ஆட்களைத் தெரியும். இருபது வருஷ வியாபாரத்தில் நான் சரக்கைவிட விற்கிறவன் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எதை இழக்க அவன் தயாராக இருக்கிறான் என்று பார்த்தால் போதும், பொய்யா மெய்யா என்று தெரிந்துவிடும். ஒரு வருஷமாக ஒரு காகிதத்துக்காக வாயை மூடிக்கொண்டு உழைத்தவன் நீ. விலகி நின்றிருந்தால் அன்று சாயங்காலமே அது உன் கைக்கு வந்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்கிறாய் என்றால், அந்தத் தகரத் தட்டில் இருப்பது விளையாட்டுச் சரக்கில்லை. கொட்டகைக்கு அடுத்த சுவர் என் கிடங்கு. கூரை வரைக்கும் தேங்காய் நார்க் கயிறு.

"மச்சான், கற்பூரத் தட்டோட தெருவுக்கு நட," என்றேன். பிறகு நானே வண்டியின் முன்னால் குனிந்து, இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹாண்டில் கம்பியை உருவினேன். தெருக்கோடியில் ஒரு மணைப் பலகை போட்டு, அதன் மேல் ஹாண்டிலைச் சாய்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். "வாத்தியாரே, ஆயுதபூஜைதானே? இது ஆயுதம் இல்லியா?"

"பேஷா ஆயுதம்தான்! இது திருப்பி உதைச்சுக் கையில வாங்கினவாளைக் கேட்டா தெரியும்" என்றார் அவர், உயிர் திரும்பி வந்தவராக. ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கற்பூரம் காட்டியாகிவிட்டது.

நெருப்பெல்லாம் அணைந்த பிறகு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைக் காற்றாட வெளியே தள்ளி நிறுத்தினோம். மூன்று மணிக்கு நீ தகரத் தட்டைக் கழற்றி என்னிடம் காட்டினாய். அத்தனை வெயிலுக்குப் பிறகும் இரண்டு ஆழாக்கு பெட்ரோல் அதில் தளும்பி நின்றது. மச்சானும் எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் இரண்டு அடி பின்னால் போனான்.

நீ அதைத் தூரத்தில் கொண்டுபோய் மணலில் கொட்டிவிட்டு வந்து, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாய். "காஞ்சிரிச்சி மொதலாளி. நான் கெளம்பறேன்."

"எங்கே?"

"நீங்கதானே போன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். சொன்னப்போ நீ போகலியே, இப்ப இன்னா அவசரம்? ஒக்காரு" என்றேன்.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் கடிதத்தை எழுதச் சொன்னேன். இவர் என் வண்டியை ஒரு வருஷம் ஓட்டினார். வண்டிக்கு ஒரு குறையும் வரவில்லை. ஒருநாள் நான் தவறான உத்தரவு போட்டேன், இவர் கீழ்ப்படியவில்லை. அதனால் என் கிடங்கு இன்றைக்கும் நிற்கிறது. அவ்வளவுதான். குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கீழ்ப்படியலைன்னு எழுதினா எவன் வேலை குடுப்பான்?" என்றார். "விவரம் தெரிஞ்சவன் குடுப்பான், எழுதுங்க" என்றேன்.

எழுதி வாங்கிய பிறகு இரண்டு நாள் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். கொடுத்தால் போய்விடுவாயே என்ற எண்ணம்தான். மூன்றாம் நாள் கொடுத்தேன். நான் நினைத்தபடியே ஆறு மாதத்தில் கோபாலபுரத்தில் ஒரு பெரிய பங்களாவுக்குப் போனாய். "அந்தக் கீழ்ப்படியாத வரியை ரெண்டு வாட்டி படிச்சாரு மொதலாளி, அப்பறம் நாளைக்கே வான்னுட்டாரு" என்று நீ வந்து சொன்னபோது எனக்கு வயிற்றெரிச்சல் பாதி, பெருமை பாதி. அதன் பிறகும் ஒவ்வொரு வருஷமும் ஆயுதபூஜைக்கு முன் ஒரு காலைப் பொழுது வந்து என்னோடு சேர்ந்து இந்த வண்டியைக் கழுவினாய். கூலி கொடுத்தால் முறைப்பாய்.

அந்தக் காலைப் பொழுதுகளில் கற்றது இன்று கையில் இருக்கிறது. மெழுகுத்துணியை நானே கட்டினேன், பேட்டரிக் கம்பியை நானே கழற்றினேன். பானெட்டைத் திறந்து போட்டு, வாசனை அடங்கும் வரைக்கும் புது டிரைவரோடு பேசிக்கொண்டு நின்றேன். கடையில் ஆள் சேர்க்கும்போது இப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "மொதலாளி சொல்லி நீ செய்யாத வேலை எது?" பதில் இல்லாதவனைக் கிடங்குப் பக்கம் விடுவதில்லை.

உன் காரியங்கள் முடிந்த பிறகு உன் மனைவி அந்தக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். மடிப்பெல்லாம் இற்றுப் போயிருந்தது. இனிமேல் இது எதற்கு, உங்களிடமே இருக்கட்டும் என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. வியாபாரத்தில் நான் ஆயிரம் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கொஞ்சம்கூடக் கூட்டாமல் குறைக்காமல் கையெழுத்துப் போட்டது அது ஒன்றில்தான். அது உன் பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும்.