கலியன் கடையில் உன் அம்மா

அன்பு மகள் சந்திராவுக்கு அப்பா பாவாடை ஆசியோடு எழுதுவது. நெய்வேலியில் நானும் அம்மாவும் சுகம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் வந்தது. புது வீட்டில் இன்னும் சமையல் ஆரம்பிக்கவில்லை, இரண்டு வேளையும் ஓட்டல் சாப்பாடுதான் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உலகத்தில் ஓட்டல் என்று ஒன்றை நான்தான் கண்டுபிடித்தேன் என்பது போல. காரணம் இருக்கிறது, சொல்கிறேன். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த விஷயம்தான்.

போன மாதம் அம்மா வடக்குத்து கிராமத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். ஷிப்ட் முடிந்ததும் நானும் பக்கத்து குவார்ட்டர்ஸ் அப்துல் கபாரும் சாப்பிட மந்தாரக்குப்பத்தில் கலியன் கடைக்குப் போனோம். நீ போன பிறகு வந்த கடை அது. கலியன் முன்பு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், இப்போது அவர் பரிமாறுவார், சமையல் அவர் மனைவி மாணிக்கம்மாள். அன்றைக்குப் புளிக்குழம்பு. வாயில் வைத்ததும் ஏதோ செப்புக்காசை நக்கின மாதிரி இருந்தது. கபாரிடம் சொன்னேன், "புதுப் புளியா இருக்கும்ண்ணே, சாப்புடுங்க" என்றார். நானும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கம்பெனி பஸ் பாதி தூரம் வருவதற்குள் வயிற்றைப் புரட்டிவிட்டது. ஒரு ஜன்னலில் நான், அடுத்த ஜன்னலில் கபார். டிரைவர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். அங்கே போனால் கலியன் கடையில் சாப்பிட்டவர்களாக ஏழெட்டுப் பேர் ஏற்கனவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். பாத்திரத்துக் களிம்பாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்தார், மறுநாள் காலையில் எல்லோருமே எழுந்துவிட்டோம்.

எழுந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கடையை உடைக்க வேண்டும் என்று கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள். நான் தள்ளாடிக்கொண்டு பின்னாலேயே போனேன். கலியன் வாசலில் கையைக் கூப்பியபடி நின்று, "எம் பொஞ்சாதி புள்ளயும் அதத்தாங்க துன்னுச்சி, உள்ள சுருண்டு படுத்துகினு கெடக்குதுங்க, நான் வேணும்னா செய்வன்?" என்று அழுதார். யாருக்கும் அது காதில் ஏறவில்லை. ஒருவன் கண்ணாடிப் பெட்டியை அடிக்கக் கட்டையையே ஓங்கிவிட்டான். அந்த நேரத்தில் பார்த்து உன் அம்மா வந்து சேர்ந்தாள், வடக்குத்திலிருந்து வந்தவள் சேதி கேட்டு வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "கடைய ஒடச்சிட்டு இன்னிக்கி வூட்டுக்குப் போவீங்க, நாளைக்கி வேற கடையில இதையே துன்னுட்டு வுழுந்து கெடப்பீங்க, எதனால வந்துச்சின்னு பாக்க வேணாமா?" என்று ஒரு அதட்டல் போட்டாள். கட்டை கீழே இறங்கியது. அவள் உள்ளே போய்க் குழம்பு வைத்த பித்தளைத் தவலையை இழுத்துக்கொண்டு வந்து வெயிலில் கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஈயம் முழுக்கத் தேய்ந்துபோய்ப் பச்சைப்பசேல் என்று களிம்பு. முந்தின நாள் காலையில் வைத்த புளிக்குழம்பு அதிலேயே கிடந்து ஊறியிருக்கிறது. அதோடு விட்டாளா, தட்டு கழுவுகிற தொட்டியில் கலங்கிக் கிடந்த தண்ணீரைக் காட்டி, "இதுல கழுவறதுக்குக் கழுவாமயே வெக்கலாமே" என்றாள். கூட்டமே சிரித்துவிட்டது, கோபமும் போய்விட்டது.

அதற்கப்புறம் கடை மூடித்தான் கிடந்தது. அம்மாவும் கபாரின் மனைவி சித்தீகாவும் மாணிக்கம்மாளுக்கும் பிள்ளைக்கும் உடம்பு தேறும் வரை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு தவலைக்கு ஈயம் பூச வைத்து, புளிக்குழம்புக்கும் மோருக்கும் தனியாக மண்பானை வாங்க வைத்து, குடிக்கிற தண்ணீரைக் காய்ச்ச வைத்து, தட்டை எடுத்துவிட்டு வாழையிலை போட வைத்து, கடைசியில் அடுப்படியை மறைத்திருந்த கீற்றையே பிடுங்கிப்போட வைத்தாள் உன் அம்மா. சாப்பிடுகிறவன் கண்ணுக்குச் சமைப்பது தெரிய வேண்டுமாம்.

கடை திறந்த அன்று வாசலில் நல்ல கூட்டம், ஆனால் உள்ளே ஒரு ஆள் இல்லை. பீடி பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கலியன் கரண்டியோடு நின்ற நிலையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அப்போது உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, கல்யாணமான நாளிலிருந்து ஓட்டலில் ஒரு வாய் காப்பிகூடக் குடித்தறியாதவள், அத்தனை ஆண்கள் பார்க்க உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, "புளிக்கொழம்பே ஊத்துங்கண்ணே" என்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். நிதானமாகச் சாப்பிட்டாள், மறுசோறு கேட்டாள். அடுத்து கபார் உட்கார்ந்தார். எனக்கு வயிறு பயந்தது, ஆனால் அவளுக்கு இன்னும் அதிகமாகப் பயந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு பெஞ்சு நிறைய வெகுநேரம் ஆகவில்லை. மாணிக்கம்மாள் அடுப்பு முன்னால் நின்று முந்தானையில் கண்ணைத் துடைத்ததை எல்லோருமே பார்த்தோம், அடுப்படிக்குத்தான் இப்போது மறைப்பு இல்லையே.

ஆகையால் அம்மா உனக்கு எழுதச் சொன்னது இது. எந்த ஓட்டலாக இருந்தாலும் உட்காருவதற்கு முன்னால் அடுப்படியை ஒரு தரம் எட்டிப் பார், மாப்பிள்ளை கூச்சப்பட்டால் நீ பார். ஈ மொய்த்ததையும் ஆறிப்போனதையும் தொடாதே. உன் சீர்ப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசாமல் புளியோ தயிரோ அதில் ஊற்றாதே. தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். இருவரும் நோய் நொடியில்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் போட்டுவிடு அம்மா, தாமதிக்காதே. பிலாய்க்குப் போக எங்கே ரயில் மாற வேண்டும் என்று உன் அம்மா நேற்றிலிருந்து பிளாக் முழுக்க விசாரித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே உங்களுக்குச் சோறு போடுகிற அந்த ஓட்டல்காரர் பாவம்.

இப்படிக்கு,
உன் அப்பா
பாவாடை