சந்தனம் காவல் நின்ற பேட்டரி

மச்சான், மலாக்கா மாநிலத்தில் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை, என் கடையிலுள்ள அத்தனை ஸ்க்ரூட்ரைவர்கள் மீதும் ஆணையிட்டுச் சொல்லப்போகிறேன். நீ நம்புவாய். நீயும் அங்கே நின்றவன்தானே.

இன்று காலை என் அலோர் காஜா கடைக்கு ஓர் அம்மா மடிக்கணினி கொண்டுவந்தார். "சார்ஜ் ஏறல அண்ணே." மேசையில் வைத்தேன்; ஆடியது. கூடவே அந்த வாசம். அழுகத் தொடங்கிய பலாச்சுளையில் நகப்பூச்சைக் கலந்தாற்போல ஓர் இனிப்பு. என் கை நின்றுவிட்டது. திரும்பி உன்னைத் தேடினேன்.

அன்று ஆயுத பூஜை முடிந்திருந்த வாரம். செம்பனைப் பழ லோரியை வெளியே நிறுத்திவிட்டு, மகள் தேவியோடும் அவள் மடிக்கணினியோடும் வந்தாய். அவள் முகம் அமாவாசை.

"மாமா, மத்தியானம் இன்டர்வியூ. இதுல பாத்துத்தான் பேசணும். சார்ஜே ஏற மாட்டேங்குது லா."

"மாமா கை பட்டா பொணமே எழுந்து ஒக்காந்து சார்ஜ் கேக்கும், பாரு."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வைத்த இடத்தில் அது உம்பாய்க் கடற்கரைச் சம்பான் படகாக ஆடியது. மேசைக் காலைத் திட்டி, அட்டை மடித்து அடியில் செருகினேன். பிறகும் ஆடியது. நாம் கவனிக்கவில்லை.

சார்ஜரை மீட்டரில் பார்த்தேன். மின்சாரம் சரியாக வந்தது. வேறு சார்ஜரைச் செருகியும் விளக்கு எரியவில்லை. சார்ஜர் செருகும் துளைக்குள் டார்ச் அடித்தால், மஞ்சளாக இறுகிக் கிடந்தது சந்தனம்!

"யாரு இங்க பொட்டு வெச்சது?"

"நாந்தான். லோரிக்கு வெச்சிட்டு இதுக்கு வெக்கலன்னா கோவிச்சுக்காது?"

"பொட்டு நெத்தியில வெப்பாங்க மச்சான். வாயில திணிக்க மாட்டாங்க."

"இதுக்கு நெத்தி எதுன்னு எனக்கென்ன தெரியும்!"

தேவிகூடச் சிரித்துவிட்டாள். பல்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காயவிட்டுச் செருகினேன். விளக்கு எரிந்தது. கைதட்டினோம்.

பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். விசைப்பலகையின் நடுப்பகுதி, உள்ளே ஏதோ மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல் மெல்ல எழுந்தது. அந்த இனிப்பு வாசமும் எழுந்தது. மேசையில் அது ஏன் ஆடியது என்பது அப்போதுதான் உறைத்தது: பேட்டரி வீங்கி அடிமூடியைப் பிதுக்கியிருந்தது. அதற்கு மின்சாரம் போகவிடாமல் இத்தனை நாளும் காவல் நின்றது உன் சந்தனம். காவலைச் சுரண்டி எறிந்தது நாம்.

ஒயரைப் பிடுங்கினேன். திருகுகளைக் கழற்றினேன். அதன் பிறகு நடந்ததாக ஊரில் நான் சொல்லிவருவது உனக்குத் தெரியும்: பேட்டரி பூசணிக்காயாகி, யானைக்குட்டியாகி, கூரைத் தகரத்தை முதுகால் தூக்கியது; புகை மலாக்கா நகரத்துத் தெங்கேராவரை போய் வெயிலை மறைத்தது; காக்கைகள் கடல்பக்கம் ஓடின; நான் ஒற்றைக் கையால் அதன் கழுத்தைப் பிடித்து அடக்கினேன்.

பேட்டரி இல்லாத கணினிக்குச் சுவர் மின்சாரமே போதுமாயிருந்தது. என் கடை மேசையிலேயே பேசி தேவி வேலை வாங்கினாள். அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. அதற்கு முன்னால் எதுவும் ஆடிக் காட்டவில்லை.

இன்று நான் அடிமூடியைத் திறந்ததும் அந்த அம்மா எட்டிப் பார்க்கக் குனிந்தார். என் கை தானாக நீண்டு அவரைப் பின்னால் நகர்த்தியது. "தள்ளி நில்லுங்கம்மா." குரல் என்னுடையதாக இல்லை. அவருடைய பேட்டரியை நானே எடுத்துக்கொண்டு போய், நெருப்பணைக்க மணல் நிரப்பிய வாளியில் வைத்தேன். இப்போதும் வாசலில்தான் கிடக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார மனம் வரவில்லை.

கூரை பறந்தது பொய், மச்சான். காக்கையும் பொய். நான் அடக்கியது பெரும்பொய். ஒன்று மட்டும் உண்மை. மூடி திறந்ததும் நீ என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாய். "தள்ளி நில்லு மச்சான். ஒன் கண்ணு போனா யாரு ரிப்பேரு பண்றது?" என்றாய். வீங்கிய அதைப் பச்சைப் பிள்ளைபோல் இரு கையிலும் ஏந்தி, வெளியே மண்வாளிவரை மெதுவாக நடந்தாய்.