ஐந்து மீட்டர்

ஜூன் 3

அன்புள்ள சம்பந்திக்கு,

இருவரும் ஒரே மாதத்தில் இருதயம் பலவீனமாகிப் படுத்தோம், ஒரே வாரத்தில் அவரவர் ஊரில் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம். ஆறு நிமிட நடைச் சோதனையில் நீங்கள் இருநூற்று நாற்பது மீட்டரிலிருந்து முந்நூற்று முப்பதுக்குப் போய்விட்டீர்களாம். உங்கள் மகள் பாயசம் வைக்காத குறையாகச் சொன்னாள். நான் முந்நூற்றுப் பத்திலிருந்து முந்நூற்றுப் பதினைந்து.

முப்பத்தைந்து வருடம் தபால் பையோடு நடந்தவன் நான். நீங்கள் தையல் மிஷினை விட்டு எழுந்ததே சாப்பாட்டுக்குத்தான். எரிச்சலாக இருக்கிறது, மறைப்பானேன். பயமாகவும் இருக்கிறது. இந்த வாரத்தோடு வகுப்புக்கு முழுக்கு.

சேரும் முன்பு தெருமுனைத் தபால் பெட்டிவரை போக, மூச்சு வாங்கி மூன்று இடத்தில் நின்றேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இதையும் மருமகள்தான் போடுகிறாள்.

உங்கள்,
தபால்காரன்

ஜூன் 10

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தையும் என் மகள் அனுப்பிய உங்கள் ரிப்போர்ட்டையும் எங்கள் பயிற்சிக்காரப் பெண்ணிடம் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் இருதயம் துவண்டு பிழிய மறுக்கிறதாம், உங்களுடையது விறைத்து நிரம்ப மறுக்கிறதாம். நோயின் பெயர்தான் ஒன்று. பிறகு சொன்னாள்: "உங்களுக்குக் காலும் சேர்ந்து படுத்திருந்துச்சு. அது எழுந்துடுச்சு, அதான் இவ்வளவு தூரம். அவருக்குக் கால் ஏற்கெனவே நல்லாத்தான் இருக்கு, அங்க கூட்டறதுக்கு இடம் கம்மி. மீட்டர் ஏறலன்னா பலனே இல்லன்னு யார் சொன்னா? அன்றாட வேலையில பாக்கச் சொல்லுங்க."

ஒருவர் அளவில் இன்னொருவருக்குச் சட்டை தைத்ததில்லை நான். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

நமக்கு இருப்பது ஒரே பேத்தி. அவளைத் தனியாகச் சமாளிக்க என்னால் முடியாது, நீங்களும் வேண்டும். என் மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதற்கான பதிலை நீங்களே போய்ப் போடுங்கள். எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்று அதிலேயே எழுதுங்கள்.

உங்கள்,
தையற்காரன்

ஜூன் 17

அன்புள்ள சம்பந்திக்கு,

உறையை ஒட்டிய பிறகுதானே பெட்டிக்குப் போவேன், நின்றதை உள்ளே எப்படி எழுதுவதாம்? வாழ்நாளில் நீங்கள் கடிதம் போட்ட லட்சணம் தெரிகிறது. பென்சில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

உங்கள்,
தபால்காரன்

(உறையின் பின்புறம், பென்சிலில்)

ஒரே இடம். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறேன். உங்கள் மகள் இரண்டு இடம் என்பாள். இன்னொன்று அவள் செருப்பு வார் அறுந்து நின்றது, அதை என் தலையில் கட்டாதீர்கள்.